வரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்

செங்காட்டுப்பாளையத்தில் பரண்மேல் கிடந்த சிட்டுகள் எல்லாம் ஒரே மத்தியானத்தில் சூடேறத் தொடங்கியபோது, கோகிலவாணி அடுப்படியில் பாப்பாவுக்கு ராகிக்கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். இடுப்பில் பாப்பாவை இறுக்கிக்கொண்டு ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால், பித்தளை அண்டாவுக்கும் சுருட்டி வைத்த கல்யாணப் பாய்க்கும் நடுவில், வயரும் இல்லை கரன்ட்டும் இல்லை, அந்தப் பச்சைப் பெட்டி குட்டிக்குப் பால் கொடுக்கிற ஆட்டின் வயிறு மாதிரி வெதுவெதுவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தாள், சுடவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து மூட்டம், பாப்பாவின் துணி ஒன்றும் காயவில்லை. நாலு ஈரத்துணியை எடுத்து அதன்மேல் விரித்துவிட்டு, கூழ் அடிப்பிடிப்பதற்குள் இறங்கி வந்துவிட்டாள்.

சிட்டு என்பது அந்த ஊரிலேயே செய்த கம்ப்யூட்டர். அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த கோகிலவாணிக்கு அதன் கதையெல்லாம் அவள் புருஷன் தண்டபாணி சொல்லித்தான் தெரியும். பம்புசெட்டு செய்கிற ஊர் அது, வீதிக்கு வீதி பட்டறை. அவன் அரை டவுசர் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், வார்ப்படப் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் மூன்று பேர் சேர்ந்து, ஒரே தூக்குப்போசியில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே விஷயத்துக்காகக் காலையில் சண்டை போட்டு சாயங்காலம் சமாதானமாகி, வீட்டு டிவியில் மாட்டுகிற கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்தார்கள். வாசலில் பச்சை கேட் போட்டிருந்ததால் பச்சை கேட்டு வீட்டுப் பெரியப்பா என்கிறவர் வயரும் சில்லும் பார்த்தார். பாலிடெக்னிக்கில் கணக்குச் சொல்லிக்கொடுத்த கனகு, அது கேட்டு நடக்கிற வார்த்தைகளை எழுதினார். பத்மலோசனி என்கிற அக்கா, புள்ளி புள்ளியாய் வைத்துத் தமிழ் எழுத்துகளை உண்டாக்கினாள். உறை செய்யப் பிளாஸ்டிக்குக்கு வழியில்லை என்று பம்பு வார்க்கிற அலுமினியத்திலேயே வார்த்து, பம்புக்கு அடிக்கிற பச்சையையே அடித்ததால், சிட்டு என்ற பெயர் வைத்த அந்தச் சாமானைத் தூக்க ரெண்டு கை வேண்டியிருந்தது.

விளையாட்டைப் பதிந்த கேசட்டைப் போட்டுவிட்டால், சிட்டோடு மாட்டின டேப்ரெக்கார்டர் கீச்கீச்சென்று அலறும், லோடாகிற வரைக்கும் பிள்ளைகள் மூச்சுவிட மாட்டார்கள், மூச்சுவிட்டால் நின்றுபோகும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. பிறகு நீலத்திரையில் புள்ளிக்குருவி ஒன்று தத்தித்தத்தி வந்து கம்பு மணி பொறுக்கும். அதைப் பார்க்கத்தான் அத்தனை காத்திருப்பு.

எல்லாம் முடித்து அணைக்கிற நேரத்துக்கு என்ன வார்த்தை வைப்பது என்று கொட்டகையில் பெரிய சண்டை நடந்ததாம். கனகு ‘நிறுத்து’ என்றார், பெரியப்பா ‘முடி’ என்றார். லோசனியக்கா ரெண்டையும் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்மூட்டுல யாராச்சும் வாசப்படி தாண்டறப்ப போறேன்னு சொல்லுவாங்களா? வரேன்னுதான சொல்லுவோம்? மெஷினா இருந்தா மருவாதி வேண்டாமா?" என்று நின்றாள். அவள் நின்றால் நின்றதுதான். ஆக, சிட்டை அணைக்க ஒரே வழி, ‘வரேன்’ என்று அடிப்பது. அடித்தால், ‘சரி, பாத்துட்டிருக்கேன்’ என்று அது பதில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடும். இதை அந்த ஊரே கொண்டாடியது. வேறெங்கேயும் இப்படி மருவாதி தெரிந்த மெஷின் கிடையாது என்று பெண் கொடுத்த ஊர்களிலெல்லாம் சொல்லித் திரிந்தார்கள்.

அப்புறம் பெரிய பெரிய கம்பெனிகளின் மெஷின் வந்தது. கொட்டகையை மூடினார்கள். கனகு நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார், லோசனியக்கா சேலத்தில் அண்ணன் வீட்டில் காய்ச்சலில் போனாள். பிள்ளைகள் வளர்ந்து கோயமுத்தூர், பெங்களூர், பஹ்ரைன் என்று கிளம்பினார்கள், கிளம்புவதற்கு முன்னால் கடைசித் தடவையாக ஒவ்வொருத்தனும் ஒவ்வொருத்தியும் ‘வரேன்’ என்று அடித்தார்கள், அதுவும் ‘சரி, பாத்துட்டிருக்கேன்’ என்றது, பரண்மேல் ஏறியது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.

சூடேறிய சிட்டுகளை ஊர் உடனே வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. அதன்மேல் உறை ஊற்றி வைத்த தயிர் கத்தி போட்டு வெட்டுகிற மாதிரி உறைந்தது. இட்லி மாவு மார்கழிக் குளிரிலும் பொங்கி வழிந்தது. கோடி வீட்டு ருக்குமணியம்மா அடைக்கோழியைத் துரத்திவிட்டு முட்டைகளைச் சிட்டின்மேல் கூடையில் வைத்தாள், அத்தனையும் பொரித்தன, ஆனால் குஞ்சுகள் வாசலில் நேர்கோடாய் நடந்து, சட்டென்று நின்று, ஸ்கேல் வைத்த மாதிரி திரும்பி, மறுபடி நேர்கோடாய் நடந்தன. "நடந்தா நடக்கட்டும், முட்டை வெச்சாச் செரி" என்று ருக்குமணியம்மா தவிடு போட்டாள்.

ஆட்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிற்பாடு. முதலில் வந்தவன் அந்த ருக்குமணியம்மாவின் மகன், சண்முகவடிவேல். பஹ்ரைனில் கிரேன் ஓட்டுகிறவன், அப்பன் ஆத்தாளைப் பார்க்க வருஷக்கணக்காய் லீவு கிடைக்காதவன், ஒரு காலையில் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, யாரிடமும் பேசாமல் வீட்டுக்குள் போய், சிட்டைப் பரணிலிருந்து இறக்கி மேசைமேல் வைத்து, எதிரே உட்கார்ந்துவிட்டான். டிவியில் அவன் மாட்டவில்லை, ஆனால் டிவியில் நீலம் வந்தது. அவனுக்குப் பின்னால் ஒவ்வொருத்தராய் வந்தார்கள். டை கட்டினவன், பைக்கில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற சீருடையோடு வந்தவன், பாதிச் சிகிச்சையில் நர்ஸ் உடுப்போடு வந்தவள். வந்து உட்கார்ந்தவர்கள் எழவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. தோளைத் தொட்டு உலுக்கினால் மட்டும் ஒரே பதில் சொன்னார்கள்.

"இரு, லோடாகுது."

ஊருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பண்டிகைக்குக்கூட எட்டிப் பார்க்காத பிள்ளைகள் வீட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், வேறென்ன வேண்டும்? ஆத்தாமார்கள் சோற்றைப் பிசைந்து ஊட்டினார்கள், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்கள். முடிவெட்டுகிற பழனிவேலு வீடு வீடாய்ப் போய் உட்கார்ந்தவாக்கிலேயே வெட்டிவிட்டான், தலையை ஆட்டாமல் இருக்கிற இப்படியொரு ஊரைத் தான் கண்டதேயில்லை என்றான். சுகாதார நிலையத்து டாக்டரம்மா வந்து எல்லோருக்கும் பிரஷர் பார்த்துவிட்டு, எனக்கே இவ்வளவு நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணத் தரகர் மட்டும் தொழிலை விடவில்லை. "பையன் குடி கெடையாது, ஊர் சுத்தறது கெடையாது, எப்பப் பாத்தாலும் ஊட்டோடதான் இருப்பான்" என்று சொல்லி ரெண்டு ஜாதகம் பொருத்தியும்விட்டார்.

செத்தவர்களும் வந்தார்கள். அவர்களும் சின்ன வயசில் ‘வரேன்’ என்று அடித்தவர்கள்தானே. லாரியில் அடிபட்டுப் போன பையனின் வீட்டில், ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால், சிட்டின் எழுத்துக் கட்டைகள் தானாய் அமுங்கி எழுந்தன, திரையில் குருவி கம்பு பொறுக்கியது. அவன் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அப்புறம் உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி ஆற்றிக் கொண்டுவந்து, சர்க்கரை தூக்கலாய்ப் போட்டு, மேசை ஓரத்தில் வைத்தாள். ஆறிப்போகிற வரைக்கும் யாரும் தொடவில்லை, ஆனால் ஆறின பிறகு பார்த்தால் மேலே படிந்த பாலேடு மட்டும் இல்லை. அவன் எப்போதும் ஏட்டைத்தான் முதலில் தின்பானாம்.

தண்டபாணி ஊரைவிட்டு எங்கேயும் போனவனில்லை, கடைவீதியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். அதனால் தனக்கு ஒன்றும் வராது என்று கோகிலவாணி நினைத்திருந்தாள், அவனும் சின்ன வயசில் ‘வரேன்’ என்று அடித்தவன்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் சாப்பிட வந்தவன், கை கழுவக்கூட இல்லை, பரணிலிருந்து சிட்டை இறக்கி, காய்ந்துகொண்டிருந்த பாப்பாத் துணிகளை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"மாமா, சோறு போட்டாச்சுங்க."

"இரு, லோடாகுது."

அவள் வயரைப் பிடுங்கலாமென்று பார்த்தாள், வயரே இல்லை. பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போடலாமென்று பார்த்தாள். ஆனால் மேலவீதியில் ஒருத்தி ஆத்திரத்தில் சம்மட்டியால் அடித்துச் சிட்டைச் சப்பையாக்கியும், அவள் புருஷன் வெறும் மேசைப்பலகைமேல் விரலை வைத்து இன்னும் தட்டிக்கொண்டிருப்பதை அவளே போய்ப் பார்த்திருந்தாள். சரி, வருகிற வரைக்கும் வரட்டும் என்று, காலையில் அவனுக்குப் பல் தேய்த்துவிட்டாள், கடையைத் திறந்து வந்தவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்றாள், பாப்பாவுக்கு ஒரு வாய் அவனுக்கு ஒரு வாய் என்று ஊட்டினாள். சிரித்த முகத்தை விடவில்லை. அழுதால் பாப்பாவும் அழும், அப்புறம் ரெண்டு வேலை.

ஆனால் ஒரு நாள் கொல்லையில் துணி பிழிந்துவிட்டு உள்ளே வந்தபோது, பாப்பா நின்றுகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து நிற்காத பிள்ளை, அப்பனின் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு, முதல்முதலாய், தள்ளாடித் தள்ளாடி நின்றது. அப்பன் திரும்பவில்லை. பாப்பா திரையில் குருவியைப் பார்த்தது, குருவியின் பக்கத்தில், அடுத்த எழுத்துக்காகக் காத்து இமைக்கிற மஞ்சள் கட்டத்தைப் பார்த்தது, கட்டம் இமைத்தால் தானும் இமைத்தது, கட்டம் நின்றால் தானும் நின்றது. குட்டி விரல் எட்டி, ‘வ’ கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தது.

கோகிலவாணி பாய்ந்து பிள்ளையைத் தூக்கினாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இருக்கட்டும் அம்மிணி, கொழந்தயும் கத்துக்கிட்டா உனக்கும் அலைச்சல் கொறையும்" என்றாள், நல்ல மனசோடுதான் சொன்னாள். கோகிலவாணி செருப்புகூடப் போடாமல் பச்சை கேட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஆனால் மற்றவர்கள் மாதிரி இல்லை, தலையைத் திருப்பி, "வா அம்மிணி, உக்காரு" என்றார். சிட்டில் கை வைத்தவர்களிலேயே ‘வரேன்’ என்று அடிக்காத ஆள் அவர் ஒருத்தர்தான். "எம்மெஷின நான் அணைச்சதே இல்லியே, அப்புறம் எங்க வரேன்னு சொல்றது? கனகும் லோசனியுந்தான் சொல்லிட்டுப் போனாங்க" என்று சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் ரெண்டு நாற்காலி காலியாய், ரெண்டு டம்ளர் காப்பி நிறைய. கட்டைகள் படபடவென்று அமுங்கின.

"லோசனி வந்திருக்கா. ‘ழ’ இன்னும் சரியா வளையலையாம், விட மாட்டேங்கறா. கனகு புது வார்த்தையெல்லாம் எழுதறான். ரெண்டாவது சிட்டு செய்யறோம், அம்மிணி. அன்னைக்கு விட்ட எடத்துலருந்து." சொல்லும்போது அவர் முகத்தில் இருபது வயசு குறைந்திருந்தது.

"பெரியப்பா, எனக்கு ஒரு வார்த்தை வேணுமுங்க."

"என்ன வார்த்தை?"

பாப்பா இடுப்பில் இருந்தது, எதிரே சாமி மாடத்தில் விளக்கு எரிந்தது. அவளுக்கு நாக்கு எழவில்லை. "ஊட்டுல சொல்லக்கூடாத வார்த்தை" என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. காப்பி டம்ளர்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "அது மட்டும் வேண்டாங் கண்ணு. அத வெச்சா எல்லாருக்கும் வந்துரும், அத்தனை சிட்டும் ஒரே வயித்துப் புள்ளைங்க. இவங்களும் படிச்சிருவாங்க. படிச்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. நான் மறுபடியும் தனியா உக்காந்து செவுத்தப் பாக்கோணுமா?"

"உங்களுக்கு ரெண்டு பேரு வந்தாங்க, பெரியப்பா. எனக்கு ஒருத்தரு இருந்தாரு."

பாப்பா கட்டைகள் அமுங்குவதற்கு ஏற்ற மாதிரி இமைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். கையை அதன் முகத்துக்கு முன்னால் ஆட்டினார். பிள்ளை கையைப் பார்க்கவில்லை.

"எத்தன நாளா இப்படி?"

"இன்னைக்குத்தானுங்க பாத்தேன்."

எழுந்து போய், வயர் ஒட்டுகிற சாலிடர் கருவியைச் சூடு வைத்தார். "எடம் இல்ல அம்மிணி, அதான் சிக்கல். உள்ள ஒரு எழுத்துக்குக்கூட எடம் இல்லாம அடைச்சு வெச்சிருக்கோம், ஒவ்வொரு எழுத்துக்கும் சண்டை போட்டு வெச்சது. கடைசி மூலைல எங்க மூணு பேரு பேரையும் ஒளிச்சு வெச்சோம், யாருக்கும் தெரியாது, சும்மா எங்க ஆசைக்கு. அதுல ஒரு பேர எடுத்தா ஒரு வார்த்தை வெக்கலாம்."

"யாரு பேருங்க?"

"செத்தவங்க பேர எடுக்கறதா? அவங்ககிட்ட வேற என்ன இருக்குது?" என்று சொல்லி மூடியின் திருகாணிகளைக் கழற்றினார். புகை கொஞ்சம் வந்தது, சாலிடர் பசை உருகுகிற வாசம். கட்டைகள் அமுங்குவது நின்றது. அவ்வளவுதான். "போய் ஊட்டுக்காரன எழுப்பு" என்றார்.

வீட்டுக்கு வந்து, பாப்பாவை நாற்காலியோரம் இறக்கிவிட்டு, தண்டபாணியின் காதில் வார்த்தையைச் சொன்னாள். அவன் விரல் போகவில்லை. பிறந்ததிலிருந்து வாசப்படியில் அந்த வார்த்தையைச் சொல்லாத கை அது, தானாய் எப்படி அடிக்கும்? கோகிலவாணி அவன் சுட்டுவிரலைப் பிடித்து, வாசலில் கூடியவர்கள் எல்லோரும் கேட்கும்படி, வீட்டுக்குள் நின்று, விளக்குக்கு முன்னால், பிள்ளைக்கு முன்னால், ஒவ்வொரு எழுத்தாய்ச் சத்தமாய்ச் சொல்லி அமுக்கினாள். "போ. றே. ன்." வாசலில் ஒருத்தி, "ஐயோ, வாயக் கழுவு அம்மிணி!" என்று காதைப் பொத்தினாள்.

திரையில் மஞ்சள் கட்டம் இமைக்காமல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. பிறகு ‘சரி’ என்று மட்டும் வந்தது, வேறொன்றும் வரவில்லை. நீலம் அணைந்தது. சிட்டின்மேல் கை வைத்தாள், காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி சில்லென்று இருந்தது.

"பசிக்குது" என்றான் தண்டபாணி. பிறகு கீழே பார்த்தான். "ஏய், பாப்பா நிக்கறா! எப்பருந்து நிக்கறா?"

அவள் அடுப்படிக்குள் போய், அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே, யாரும் பார்க்காமல் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தாள்.

மறுநாளிலிருந்து வீடு வீடாய் அந்த வார்த்தை போயிற்று. எழுந்தவர்கள் பல் தேய்த்துக்கொண்டார்கள், போன் பண்ணினார்கள், பஸ் ஏறினார்கள். எல்லா வீட்டிலும் என்று சொல்லமுடியாது. ருக்குமணியம்மா கதவைத் திறக்கவேயில்லை. "உம்புருஷன் எந்திரிச்சா கடைவீதிக்குப் போவான். எம்பையன் எந்திரிச்சா பஹ்ரைனுக்கல்ல போவான்? நீ போ கண்ணு, நாங்க இப்படியே இருந்துக்கறோம்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட் அசையாமல் தெரிந்தது. கோகிலவாணி அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அந்த வீட்டில் அவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.

பச்சை கேட்டு வீட்டுக்காரரின் பெயர்தான் காணாமல் போயிருந்தது. வாசலில் கல்லில் வெட்டியிருந்த இடம் வழவழவென்று இருந்தது. ரேஷன் கார்டில் அந்த வரி வெள்ளையாய் இருந்தது. அவரோடு படித்தவர்கள் நெற்றியைத் தேய்த்துப் பார்த்தார்கள், நுனி நாக்கில் நிற்கிறது என்றார்கள், வரவில்லை. ஊர் இதையும் பெரிதாய் எடுத்துக்கொள்ளவில்லை. யார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? பெரியப்பா என்றார்கள், மாமா என்றார்கள், அண்ணா என்றார்கள், திரும்பிப் பார்த்தார். பேர் இல்லாமலும் ஒரு மனுஷன் பால் வாங்கலாம், சலூனுக்குப் போகலாம் என்று தெரிந்தது.

கோகிலவாணி தினமும் மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுபோனாள். பாவம், தனியாய் இருப்பாரே என்று. ரெண்டு காலி நாற்காலிக்கு நடுவில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கட்டைகள் அசையா. ஒரு நாள் அவள் தூக்குப்போசியை இறக்கி வைக்கும்போது, படக்கென்று ஒரு கட்டை அமுங்கியது. பிறகு இன்னொன்று. கனகும் லோசனியக்காவும் போகவில்லை. அந்த வார்த்தையைப் படித்துவிட்டும் போகவில்லை, வேலை பாக்கியிருக்கிறதே. திரையில் எழுத்து எழுத்தாய் வந்தது.

‘யாருங்க அது, எங்க கொட்டகைல?’

பெரியப்பா அதைப் படித்தார். மறுபடி படித்தார். சட்டைப் பித்தானைத் தடவினார். சொல்வதற்கு அவரிடம் பெயர் இல்லை, இருந்து சொன்னாலும் அவர்களுக்கு அது ஞாபகத்தில் இல்லை. கோகிலவாணி இடுப்பில் இருந்த பாப்பாவை இன்னும் கொஞ்சம் சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் செய்த வேலை, நான்தானே வந்து கேட்டேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. பிறகு அவர் நாற்காலியை முன்னால் இழுத்து, ரெண்டு விரலால், மெதுவாய் அடித்தார்.

‘வேலைக்குச் சேரலாம்னு வந்தேனுங்க.’

‘சாலிடர் வெக்கத் தெரியுமா?’

‘சுமாராத் தெரியுமுங்க. கை கொஞ்சம் நடுங்கும்.’

கட்டைகள் நின்றன. யாரோ யாரிடமோ கேட்டுக்கொள்கிற மாதிரி, ரெண்டு காலி நாற்காலிகளும் ஒன்றையொன்று பார்த்துக் கிரீச்சென்று லேசாய்த் திரும்பின.

‘பரவாயில்லீங்க, எங்களுக்குக் கையே இல்ல. உக்காருங்க.’

பெரியப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியை மாட்டினார். திரும்பாமலேயே, "சோத்த மூடி வெய்யி அம்மிணி" என்றார். "மொத நாளு. நேரமாகும்."